குதிரைக் காலும் ஐப்பசி ஈரமும்

குதிரை என்றால் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு முதலில் ஆவுடையார்கோயில் நினைவுக்கு வரும். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் கோயில் திருப்பணிக்குச் செலவிட்டதும், நரி பரியானதும் அங்குள்ள கதை. அடுத்தது குளமங்கலம் அய்யனார் கோயில் குதிரை. 33 அடி உயரம் என்பார்கள். மாசிமகத்தன்று காகிதப்பூ மாலையில் குதிரையே மறைந்துவிடும்.

கும்பிடுவதில் நாம் குறை வைத்ததில்லை. வளர்ப்பதில்தான் குறை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து வந்து இறங்கும் ஆயிரக்கணக்கான குதிரைகளில் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரியாததால் செத்துப்போகின்றன என்று எழுதியிருக்கிறார். சோற்றோடு இறைச்சியைச் சேர்த்து வேகவைத்துக் கொடுத்தார்களாம்! குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகள் இந்தப் பக்கம் வரவிடுவதில்லை, குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் விற்கலாம் என்றும் சொல்கிறார்.

இது நினைவுக்கு வந்ததற்குக் காரணம் எங்கள் பக்கத்துத் தெருத் தம்பி. பந்தயக் குதிரை வைத்திருக்கிறார். ஐப்பசி மழையில் குதிரையின் பின்னங்கால்களில், குளம்புக்கு மேலே உள்ள குழிவில், பொருக்குத் தட்டியது. சேறு போகட்டும் என்று காலையும் மாலையும் குளத்தில் இறக்கிக் கழுவினார். மேலே பழைய எஞ்சின் ஆயிலைத் தடவினார். பத்து நாளில் கால் வீங்கி, குதிரை நொண்டியது. “தைப் பந்தயத்துக்குள்ள சரியாயிடுமாய்யா?” என்று கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குதிரை வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இந்த நோய்க்குக் ‘கால் த பூ’ என்று பெயர். நம் காதுக்குக் காலும் பூவுமாகக் கேட்கும். ஆனால் ‘கால்’ என்றால் சொறி, ‘பூ’ என்றால் சேறு. சேற்றுச் சொறி! நம் அம்மாக்கள் சொல்லும் சேற்றுப்புண்ணுக்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி.

சேற்றின் மேல் பழி விழுந்தாலும் மூல காரணம் ஈரம்தான். ஓயாமல் நனைந்த தோல் ஊறி மெலிந்து வெடிக்கும். அந்த வெடிப்பில் கிருமி புகும். முக்கியமான கிருமியின் பெயர் டெர்மடோஃபிலஸ் காங்கோலென்சிஸ். 1915-இல் பெல்ஜியன் காங்கோவில் மாடுகளிடம் கண்டறிந்ததால் அந்தப் பெயர். வெள்ளைக் கால் குதிரைகளுக்கு இது சீக்கிரம் வரும்.

கால்நடை மருத்துவர் முதலில் கழுவலை நிறுத்தச் சொன்னார். சேறு காய்ந்த பிறகு மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். காயத்தைச் சுற்றியுள்ள முடியைக் கத்தரிக்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் மருந்தை அவர் சொன்ன அளவில் வெதுவெதுப்பான நீரில் கலந்து, பொருக்கை நனைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, தானாகக் கழன்றதை மட்டும் எடுக்க வேண்டும். காய்ந்த பொருக்கைப் பிய்த்தால் ரத்தம் வரும், புண் ஆழமாகும். பிறகு சுத்தமான துணியால் ஒற்றி, நன்றாக உலர்த்த வேண்டும். எண்ணெயோ களிம்போ ஈரக் காலில் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது மாதிரி. எஞ்சின் ஆயில் தோலையே அரித்துவிடும். துணியும் பிரஷ்ஷும் அந்தக் குதிரைக்குத் தனியாக இருக்க வேண்டும். மனிதர் கைக்கும் தொற்றலாம் என்பதால் கையுறை நல்லது.

வீக்கம், காய்ச்சல், நொண்டல் இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், அல்லது 1962-க்குப் போன் செய்யுங்கள். குதிரைக்கு டெட்டனஸ் எளிதில் வரும், அந்த ஊசியையும் கேட்டுப் போடுங்கள்.

வராமல் தடுப்பது இதைவிடச் சுலபம். லாயத்துத் தரையை அரையடி உயர்த்தி மணல் கொட்டி, நனைந்த வைக்கோலை அன்றன்றே மாற்றினால் பாதி வேலை முடிந்தது. மழைக்காலத்தில் தினமும் ஒருமுறை குளம்புக்கு மேலே கையால் தடவிப் பார்க்க வேண்டும். முடிக்கு அடியில் இருக்கும் சிறு பொருக்கு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

தம்பியின் குதிரை மார்கழியில் நொண்டாமல் நடந்தது. தைப் பந்தயத்துக்கு அவர் அதைக் கொண்டுபோகவில்லை. “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்யா, காலு இருந்தாத்தானே ஓட்டம்” என்றார். கடன் வட்டி ஏறும்தான். ஆனாலும் அவர் சொன்னது சரி.