ஊர்ப் படையல்

மகாளய அமாவாசையன்று பொழுது புலரும் வேளையில் திருவாரூர்க் கமலாலயத்துக்குப் போகிறவர்கள், கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று ஊரார் பெருமையோடு சொல்லும் அந்த நீர்ப்பரப்பின் படிகளில், பவித்திரம் அணிந்த விரல்களினூடே எள்ளும் தண்ணீரும் இறங்க, தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று ஒவ்வொருவரும் தத்தம் வம்சத்தின் பெயர்களை உச்சரித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். ஆயிரம் பேர் கூடியிருந்தாலும் துக்கம் அங்கே ஆயிரமாகப் பிரிந்தே நிற்கிறது. ஒருவருடைய பித்ருக்களின் பெயர் அடுத்த படியில் இருப்பவருக்குத் தெரியாது. ஆயினும் அந்தக் கர்மத்தின் முடிவில், நாதியற்று மாண்டவர்கள் எவரோ அவர்களுக்கும் சேரட்டும் என்று, பெயரும் கோத்திரமும் அறியாமலே ஒரு கை நீர் விடுகிறார்களே, என் மனத்தை ஆட்கொள்வது அந்த ஒரு கை நீர்தான்.

வீடுகளில் நடக்கும் படையலிலும் இதே குல எல்லை உண்டு. எங்கள் வீட்டில் ஆடி அமாவாசையன்று கூடத்துச் சுவரோரம் மெழுகிக் கோலமிட்டு, தலைவாழை இலை விரித்து, பாட்டனாருக்கு வேட்டியும் வெற்றிலைச் சீவலும் வைத்த பிறகு, கலியாணமாகாமல் சிறு வயதிலேயே போய்விட்ட அத்தைக்காகப் பரண்மேலிருந்து ஒரு பெட்டியை இறக்குவார்கள். அதற்குள் மஞ்சள் தடவிய சிற்றாடை ஒன்று, கண்ணாடி வளையல், ரிப்பன். பாட்டி அந்தச் சிற்றாடையை உதறாமல், தூங்குகிற குழந்தையைத் திருப்பிப் போடுவதுபோல மெல்ல விரித்து இலையின் பக்கத்தில் வைப்பாள். காக்கை வந்து சோற்றை எடுக்கும்வரை எங்களில் யாருக்கும் சாப்பாடு கிடையாது.

மெக்சிகோ தேசத்தில் நவம்பர் முதல் இரண்டு நாட்களில் இறந்தோருக்கு எடுக்கும் விழாவைப் பற்றிப் படித்தபோது, இந்தப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. முதல் நாள் குழந்தைகளுக்கு, மறு நாள் பெரியவர்களுக்கு. படிப்படியாக அடுக்கிய மேடையில் அவரவர் படம், விருப்பமான பண்டம், நெடுவழி நடந்து வருகிற ஜீவனின் தாகத்துக்குத் தண்ணீர், உப்பு, மெழுகுவர்த்தி, வாசலிலிருந்து வழிகாட்ட மஞ்சள் இதழ்கள். அந்த மலர் நம் செண்டுமல்லியே. மெக்சிகோ மண்ணில் தோன்றி, ஐரோப்பியர் கப்பல்களின் வழியாக உலகமெங்கும் பரவி, இன்று நம் மாலைகளிலும் இடம்பெற்றிருக்கிறது. பூவும் சோறும் நீரும் வைக்கிற மனோபாவம் அங்கும் இங்கும் ஒன்றே. ஆனால் அங்கே வீட்டு மேடையோடு நில்லாமல், சதுக்கத்திலும் பள்ளிக்கூடத்திலும் ஊரார் கூடி ஒரே மேடை எடுக்கிறார்கள். எவரும் தம் படத்தைக் கொண்டுவந்து அதில் வைக்கலாம். அந்தப் பொதுமேடையை எண்ணி எனக்கு ஏக்கமே உண்டாகிறது.

இரத்த பந்தத்தைக் கடந்து இறந்தவரை நினைப்பது நமக்குப் புதிதன்று. பூந்தோட்டத்துக்கு அருகே திலதர்ப்பணபுரியில் இராமபிரான் தந்தை தசரதருக்குத் தர்ப்பணம் செய்ததாக ஐதிகம். அதே பெருமான் புள்ளிருக்குவேளூரில், தனக்கு இரத்த உறவு ஏதும் இல்லாத ஜடாயு என்னும் கிழக் கழுகுக்கு மகன் ஸ்தானத்தில் நின்று தகனம் செய்ததாகவும் ஐதிகம். ஜடாயு குண்டத்துச் சாம்பலை இன்றும் ஜனங்கள் பயபக்தியோடு நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். திருவாரூரிலேயே, தேர்க்காலில் அகப்பட்டு மாண்ட ஒரு கன்றுக்காக, கோயிலை ஒட்டிக் கல்தேர் நிற்கிறது.

இத்தனை விசாலமான பூர்வ ஞாபகம் உள்ள இந்த நாட்டில், ஊர் முழுவதற்கும் சொந்தமான துக்கம் மார்கழி மாதத்தில் அடுத்தடுத்து இரண்டு நாட்களில் வருகிறது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில், கூடுதல் நெற்கூலி கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் தெரு தாக்கப்பட்டபோது, உயிருக்கு அஞ்சி ஒரு சின்னஞ்சிறு குடிசைக்குள் புகுந்துகொண்ட 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், அந்தக் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். ஆண்டுதோறும் அந்நாளில் செங்கொடிகளோடு ஜனங்கள் திரண்டு, பெயர் பொறித்த நினைவிடத்தில் மலர் சாத்துகிறார்கள். மறுநாள் டிசம்பர் 26. 2004-இல் அன்று காலை எழுந்த கடல், நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அந்த நாளில் மீனவர் குப்பங்களின் மணலில் படங்களை வரிசையாக வைத்து, பால் ஊற்றி, இழந்த பிள்ளைகளுக்குப் பிடித்த தின்பண்டங்களைப் பரப்பிக் கடலைப் பார்த்து அழுகிற தாய்மாரை நினைத்தால், மெக்சிகோவின் அந்தப் பொதுமேடை நம் கரையிலேயே இருப்பது விளங்கும்.

இருந்தும், கீழ்வெண்மணிக்குத் தோழர்கள் போகிறார்கள், கடற்கரைக்கு இழந்தவர்கள் போகிறார்கள். நெல்லும் மீனும் உண்டு வளர்ந்த மற்ற நாம் வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். அந்த நெல்லை நட்ட கைகளுக்கும், அந்த மீனைக் கொணர்ந்த கைகளுக்கும் நாமும் பந்துக்கள் ஆகமாட்டோமா? அமாவாசையன்று பெயரறியாதவர்களுக்கு ஒரு கை நீர் விடச் சம்மதிக்கும் நாம், பெயர் கல்லிலேயே எழுதியிருக்கும் இவர்களை அயலார் என்று தள்ளுவது தர்மமாகாது. திருவாரூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிறவர்கள் இந்த மார்கழியில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கீழ்வெண்மணிக்குப் போங்கள். ஒரு முழம் பூ வைத்து, அந்த 44 பெயர்களையும் அவர்கள் வாயால் வாசிக்கச் சொல்லுங்கள்.