இஸ்பேட் நாலு

போக்கர்னு சொன்னா நம்ம ஊர்ல பாதிப் பேர் மூணு சீட்டுன்னு நினைச்சுக்கறாங்க. அது வேறங்க. நான் ஆடினதுல கையில ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு. அந்த ஏழுல நல்ல அஞ்சு யாருக்கு அமையுதோ அவருக்குப் பணம். 2003-ல கிறிஸ் மணிமேக்கர்னு (நிஜமாவே அதான் பேரு!) டென்னசியில அக்கவுண்டன்ட்டா இருந்த ஒருத்தர், 839 பேர் ஆடின உலகப் போட்டியில ஜெயிச்சு 25 லட்சம் டாலர் அள்ளிட்டுப் போனார். அதுக்கப்புறம் எங்களை மாதிரி பொட்டி தட்டறவன் எல்லாருக்கும் நாமளும் பார்த்தா என்னன்னு ஒரு ஆசை.

எனக்கும் வந்தது. 2007-ல சான் ஹோசே பக்கம் இருந்தேன். புதன்கிழமை சாயங்காலம் ஒரு சீட்டாட்ட கிளப்புல 60 டாலர் கட்டினா டோர்னமென்ட். வீட்ல 'ரிலீஸ் இருக்கு, லேட்டாகும்'னு ஒரு பொய்.

அன்னைக்கு ஏழு பேர் மிச்சம். ஆறு பேருக்குத்தான் பணம். எனக்கு ரெண்டு ராணி வந்தது. எதிர்ல ஒரு வியட்நாம் பெரியவர், எப்பவும் தொப்பியோட வருவார், யார் ஜெயிச்சாலும் கை குலுக்குவார். நடுவுல முதல் மூணு சீட்டு: ஆட்டின் மூணு, ஆட்டின் ஒம்போது, கிளாவர் ரெண்டு. அவர் எல்லாத்தையும் உள்ள தள்ளினார். நானும் சரின்னேன். ரெண்டு பேரும் சீட்டைத் திருப்பினோம். அவர்கிட்ட ஆட்டின் ஏஸ், ஆட்டின் அஞ்சு.

நாலாவதா விழுந்தது இஸ்பேட் பத்து. மனசுக்குள்ள கணக்கு போட்டேன். தெரியாத சீட்டு 44. ஆட்டின் ஒம்போது, ஏஸ் மூணு, ஆட்டின் இல்லாத நாலு மூணு. மொத்தம் பதினஞ்சு சீட்டு அவருக்கு. மூணுல ஒரு பங்கு. மேசையே 'ஆட்டின்... ஆட்டின்...'னு கத்திட்டிருந்தது. நாலைப் பத்தி யாரும் பேசலை.

விழுந்தது இஸ்பேட் நாலு.

கறுப்பு சீட்டைப் பார்த்ததும் மொத்த மேசையும் 'ச்சே'ன்னுது. பெரியவர் எழுந்து, தொப்பியைச் சரி பண்ணிட்டு, எனக்குக் கை நீட்டினார். நானும் குடுத்தேன். டீலர் சிப்ஸை என் பக்கம் தள்ள ஆரம்பிச்சாச்சு. ஏஸ், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. வரிசையா கண்ணு முன்னாடி இருக்கு. அந்த ஆட்டத்துல வாய் சொல்றது கணக்கில்லை, திருப்பி வச்ச சீட்டு பேசும். தப்பைப் பார்த்தா மேசையில யாரா இருந்தாலும் சொல்லணும்னு விதியே இருக்கு. எனக்குத் தெரியும். அவர் கை இன்னும் என் கையில இருக்கு.

மூணு செகண்ட் இருக்கும். ஓரத்துல காதுல பாட்டு மாட்டிட்டு இருந்த பையன், 'வெயிட், அது ஸ்ட்ரெய்ட்'டுன்னான்.

டீலர் நாலு தடவை ஸாரி சொன்னார். பெரியவர் திரும்ப உக்கார்ந்தார். ரெண்டாவது ஆட்டத்துலயே என் மிச்ச சிப்ஸும் போச்சு. ஏழாவது இடம், சல்லிக் காசு இல்லை. (அவர் மூணாவதா வந்தார்னு அடுத்த வாரம் கேள்விப்பட்டேன்.)

நான் கிளம்பறப்ப பிரேக் விட்டிருந்தாங்க. வாசல்ல சிகரெட்டோட நின்னிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிச்சார். "ஆட்டினையே பார்த்துட்டு இருந்தேன். வயசாச்சு, கண்ணு தெரியலை. நீயும் பார்க்கலை, இல்ல?"

"ஆமா, நானும் பார்க்கலை"ன்னேன்.

தோள்ல தட்டிட்டு உள்ள போனார். ஆபீஸ்ல இந்தக் கதையைப் பல தடவை சொல்லியிருக்கேன், ரெண்டு ராணியை வச்சுகிட்டு கடைசி சீட்டுல தோத்த துரதிர்ஷ்டக் கதையா. அந்தப் பையன் சொன்னதை மட்டும், டீலரே கண்டுபிடிச்ச மாதிரி மாத்திடுவேன்.