பத்தாவது ஆட்டம்

ஒன்ராறியோ, செப்டெம்பர் 2025



2008 ஜூன் 20, வெள்ளிக்கிழமை. ஒட்டாவாவின் பெரிய ஹொக்கி அரங்கில், தேசிய ஹொக்கி லீக்கின் அணிகள் அந்த வருடத்து இளம் வீரர்களை முறைவைத்துத் தெரிவு செய்துகொண்டிருந்தன. முதலாவதாக அழைக்கப்பட்ட ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் கோல் அடிப்பவர். அவருக்குப் பின்னால் வந்த நான்கு பெயர்களும் தடுப்பாட்டக்காரர்களுடையவை: ட்ரூ டௌட்டி, ஸாக் பொகோசியன், அலெக்ஸ் பியட்ராஞ்சலோ, லூக் ஷென். நால்வரும் கனடிய ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்கள். அந்த ஒக்டோபரில் நால்வருக்கும் வயது 18. இந்த நாட்டில் எந்தத் தேநீர்க்கடை மேசையிலும், ஒரு பையனை எப்போது பெரியவர்களோடு ஆடவிடலாம் என்ற பேச்சு எழுந்தால் கடைசியில் இந்த நால்வரிடம்தான் வந்து நிற்கும்.

பேச்சின் அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். பனிக்கட்டித் தளத்து ஹொக்கியில் திறமை காட்டும் பிள்ளை 16 வயதில் வீட்டைவிட்டுப் போகிறான். வேறோர் ஊரில், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, பள்ளிக்கூடமும் ஆட்டமுமாக வளர்கிறான். ஒன்ராறியோவுக்கு ஒன்று, மேற்கு மாகாணங்களுக்கு ஒன்று, கியூபெக்குக்கும் அத்திலாந்திக் கரைக்குமாக ஒன்று என மூன்று ஜூனியர் லீக்குகள். பருவத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள், இரவெல்லாம் பஸ் பயணம். 18 வயதாகும்போது தேசிய லீக் அணி ஒன்று அவனைத் தெரிவு செய்கிறது. செப்டெம்பரில் அதன் பயிற்சி முகாமுக்குப் போகிறான். முகாம் முடியும் நாளில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தேசிய லீக்குக்கு ஒரு படி கீழே அமெரிக்க ஹொக்கி லீக் இருக்கிறது. அதுவும் தொழில்முறை ஆட்டம்தான், வளர்ந்த மனிதர்கள் சம்பளத்துக்கு ஆடுவது. இளம் வீரன் தேறுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆனால் கனடிய ஜூனியரிலிருந்து தெரிவானவன் 20 வயதை எட்டும்வரை, அல்லது ஜூனியரில் நான்கு பருவங்களை முடிக்கும்வரை, அங்கே போக முடியாது. தேசிய லீக்கும் ஜூனியர் லீக்குகளும் செய்துகொண்ட உடன்படிக்கை அப்படி. நல்ல வீரர்களையெல்லாம் 18 வயதில் அள்ளிக்கொண்டு போய்விட்டால் சிறிய ஊர்களின் அரங்குகள் வெறிச்சோடிவிடும் என்பது ஜூனியர் பக்கத்து நியாயம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பையனுக்கு மிஞ்சுவது இரண்டே வழிகள். ஒன்று உலகின் உச்ச லீக். மற்றது, 16 வயதுப் பிள்ளைகளும் ஆடும் பழைய இடம்.

இதோடு சேர்ந்து ஓர் ஒப்பந்தக் கணக்கும் ஓடுகிறது. இளம் வீரன் போடும் முதல் ஒப்பந்தம் மூன்று வருடம். தேசிய லீக்கில் ஒன்பது ஆட்டங்களுக்குள் அவனை நிறுத்தித் திருப்பி அனுப்பினால் ஒப்பந்தத்தின் முதல் வருடம் செலவாகாது, அப்படியே அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். பத்தாவது ஆட்டத்தில் தளத்தில் கால் வைத்தால் வருடம் கழிந்துவிடும். பியட்ராஞ்சலோவின் முதல் இரண்டு பருவங்களைப் பாருங்கள்: செயின்ட் லூயிஸ் அணிக்கு 2008-09-ல் 8 ஆட்டங்கள், 2009-10-ல் 9 ஆட்டங்கள். இரண்டு முறையும் ஜூனியருக்கே திரும்பினார்.

மற்ற மூவரும் திரும்பவில்லை. டௌட்டி லொஸ் ஏஞ்சலஸ் அணிக்கு 81 ஆட்டங்கள் ஆடினார், சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 23 நிமிடங்களுக்கு மேல். அது ஓர் அணியின் முதல் ஜோடித் தடுப்பாட்டக்காரருக்குரிய சுமை. 2010-ல், இருபது வயதில், வன்கூவர் ஒலிம்பிக்கில் தங்கம். பிறகு 2012, 2014 இரண்டிலும் தேசிய லீக்கின் ஸ்டான்லி கோப்பை, 2016-ல் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நொறிஸ் விருது. பொகோசியனுக்கு அட்லாண்டாவில் முதல் பருவத்திலேயே கால் எலும்பு முறிந்தது. 47 ஆட்டங்களோடு அந்த வருடம் போயிற்று. அதன் பிறகும் காயங்கள் அவரை விடவில்லை. ஷென் ரொறொன்ரோவுக்கு 70 ஆட்டங்கள் ஆடினார்.

ஷென்னின் கதையில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். ரொறொன்ரோவில் தடுப்பாட்டக்காரர் செய்யும் ஒவ்வொரு பிழைக்கும் மறுநாள் காலை நகரம் முழுக்க விசாரணை நடக்கும். 18 வயதுப் பையன் அதற்கு நடுவே ஆடினான். நான்கு பருவங்கள் கழித்து, 2012-ல், பிலடெல்பியாவுக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு அணி அணியாக மாறினார். 2018-19 பருவத்தில், 29 வயதாகும் நேரத்தில், அவரை அமெரிக்க ஹொக்கி லீக்குக்கு இறக்கினார்கள். 18 வயதில் எந்தக் கதவு அவருக்கு மூடியிருந்ததோ அது பத்து வருடம் கழித்துத் திறந்தது. மனிதர் அங்கேயும் உழைத்தார். மேலே வந்தார், டாம்பா அணியோடு 2020-லும் 2021-லும் கோப்பை வென்றார், ஆயிரம் ஆட்டங்களைத் தாண்டினார். அவசரப்பட்டு ஏற்றியதால் ஷென் கெட்டுப்போனார் என்று சொல்பவர்கள் இந்த இரண்டாம் பாதியைப் படிக்காதவர்கள். ஆனால் அந்த இரண்டாம் பாதியை அவர் தானாகவே கட்டியெழுப்ப வேண்டியிருந்தது.

ஷென் ஆடிய ஜூனியர் அணி பிரிட்டிஷ் கொலம்பியாவின் கெலோனா. அதே அணியில் அதே வருடம் இன்னொரு தடுப்பாட்டக்காரரும் இருந்தார், ஆறடி எட்டங்குல உயரத்தில் டைலர் மையர்ஸ். பஃபலோ அவரை 12-வதாகத் தெரிவு செய்து, உடனே கெலோனாவுக்கே திருப்பி அனுப்பியது. அந்தப் பருவத்தில் கெலோனா மேற்கு லீக்கை வென்றது. இறுதிச் சுற்றுகளின் சிறந்த வீரர் மையர்ஸ். அடுத்த வருடம் பஃபலோவுக்கு வந்து 82 ஆட்டங்கள், 48 புள்ளிகள், சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது. ஒரே அணியில் வளர்ந்த இருவரில் ஒருவர் போனார், ஒருவர் நின்றார்.

2009 ஜனவரி 5 அன்று, அதே ஒட்டாவா அரங்கில், 20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகச் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம். கனடா 5-1 என்று சுவீடனை வென்றது. கனடாவின் தடுப்பில் பியட்ராஞ்சலோவும் மையர்ஸும். எதிரே சுவீடனின் தடுப்பில் எரிக் கார்ல்சன். 2008 தேர்வில் 15-வதாக ஒட்டாவாவே எடுத்த பிள்ளை. பியட்ராஞ்சலோவுக்கும் மையர்ஸுக்கும் ஜூனியருக்குத் திரும்பியதால் கிடைத்த மேடை அது. டௌட்டியும் ஷென்னும் அப்போது தத்தம் தேசிய லீக் அணிகளோடு இருந்தார்கள்.

கார்ல்சன் ஐரோப்பாவிலிருந்து தெரிவானவர். ஆகவே உடன்படிக்கை அவரைக் கட்டுப்படுத்தவில்லை. 2009-10-ல் ஒட்டாவா அவரைப் பிங்ஹாம்டனுக்கு, அதாவது அமெரிக்க ஹொக்கி லீக்குக்கு, இறக்கியது. 12 ஆட்டங்கள் ஆடிவிட்டு மேலே திரும்பினார். இன்றைக்கு அவரிடம் மூன்று நொறிஸ் விருதுகள். 27-வதாக வாஷிங்டன் எடுத்த ஜோன் கார்ல்சன் அமெரிக்க ஜூனியரிலிருந்து தெரிவானவர். தெரிவான பிறகு ஒரு பருவம் ஒன்ராறியோ லீக்கில் லண்டன் அணிக்கு ஆடியும்கூட, 19 வயதில் அமெரிக்க ஹொக்கி லீக்கின் ஹெர்ஷி அணிக்குப் போக அவருக்குத் தடை இருக்கவில்லை. ஹெர்ஷியோடு இரண்டு கோப்பைகள் வென்ற பிறகுதான் வாஷிங்டனில் நிலைத்தார். ஒரே வயது, ஒரே தொழில். பிறந்த நாடும் தெரிவான லீக்கும்தான் வேறு. இது நியாயமே இல்லை என்று நான் நினைக்கிறேன்.

தடுப்பாட்டக்காரனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு யோசனை என்று கேட்கலாம். எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை கோடையில் பயிற்சி செய்யும் தளத்துக்கு நான் போவதுண்டு. அவனுக்கு 19 வயது. மேற்கே ஓர் அணியில் ஆடுகிறான். தேசிய லீக் அணியொன்றோடு ஒப்பந்தமும் போட்டாயிற்று. கோலுக்குப் பின்னால், கண்ணாடிச் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தால் இந்த வேலையின் கடினம் புரியும். எதிரணி பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) மூலைக்குத் தட்டிவிடுகிறது. அவன் தன் முதுகை ஆட்டத்துக்குக் காட்டியபடி அதை நோக்கி ஓட வேண்டும். நூறு கிலோ மனிதன் ஒருவன் பின்னால் துரத்தி வருகிறான். பக்கைத் தொடுமுன் அவன் இடது தோளுக்கு மேலாக ஒரு முறை, வலது தோளுக்கு மேலாக ஒரு முறை திரும்பிப் பார்க்கிறான். எந்தப் பக்கம் ஆள் வருகிறான், கோல்காவலர் என்ன கத்துகிறார், துணையாள் எங்கே நிற்கிறான். அந்த இரண்டு பார்வைகளில் முடிவு எடுத்தாக வேண்டும். முன்னணி வீரன் பிழை விட்டால் பக் போகும். இவன் பிழை விட்டால் கோல் விழும்.

அந்தப் பார்வை யாரும் சொல்லித் தந்து வருவதல்ல, ஆடி ஆடி வருவது. ஜூனியரில் அவனுக்கு இரவுக்கு 25 நிமிடம் கிடைக்கும். அப்பட்டமான உண்மை என்னவென்றால், அங்கே அவனுடைய சோம்பலான பாஸ்கூடச் செல்லுபடியாகும். நடுத்தளத்தின் குறுக்கே பக்கைத் தள்ளினால் ஜூனியர் பையனால் எட்ட முடியாது, தொழில்முறை வீரன் எடுத்துக்கொண்டு கோலுக்கே போய்விடுவான். அங்கே மூன்றாவது வருடமும் அரசனாக இருந்தால் கெட்ட பழக்கம் ஊறிவிடும். மேலே போனாலோ மூன்றாம் ஜோடியில் 12 நிமிடம், அல்லது கோட் சூட் போட்டுப் பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்ப்பது.

அஜாக்ஸிலிருந்து தன் மகனைப் பயிற்சிக்குக் கூட்டிவரும் தமிழ் நண்பர் ஒருவர் என்னோடு இதில் ஒத்துப்போவதில்லை. “அண்ணை, காயம் எப்ப வருமெண்டு ஆருக்குத் தெரியும்? கூப்பிடேக்க போகவேணும்” என்றார். அவர் சொல்வதில் கனம் உண்டு. 2025-ல் தெரிவானவர்களின் முதல் ஒப்பந்தத்தில் வருடச் சம்பளத்தின் உச்சம் 975,000 அமெரிக்க டொலர். மேலே ஆடினால்தான் அது கைக்கு வரும். ஜூனியரில் இருந்தால் கையொப்பப் பணத்தோடு சரி. தேசிய லீக்கில் ஏழு பருவங்கள் கணக்கில் சேர்ந்தால் விரும்பிய அணிக்குப் போகும் சுதந்திரமும் வருகிறது. 18 வயதில் தொடங்கியவனுக்கு அது 25-லேயே கிடைக்கும். முகவர்கள் இந்தக் கணக்கை மறக்கமாட்டார்கள். பொகோசியனின் முறிந்த காலை நினைத்துக்கொண்டு நானும் இதை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் நான் நண்பரிடம் நோவா டொப்சனைச் சொன்னேன். 2018-ல் நியூயோர்க் ஐலண்டர்ஸ் 12-வதாக எடுத்த தடுப்பாட்டக்காரர். அதே வருடம் தன் ஜூனியர் அணியான பத்தர்ஸ்டோடு கனடாவின் ஜூனியர் உச்சக் கோப்பையான மெமோரியல் கோப்பையை வென்றிருந்தார். திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருடம் ரூவன்-நொராண்டா அணியோடு மறுபடி அதே கோப்பை. ஜூனியரில் இனி அவருக்கு என்ன மிச்சம்? 2019-20-ல் ஐலண்டர்ஸ் தன்னோடு வைத்துக்கொண்டது. பெருந்தொற்றால் பருவம் நின்றபோது அணி 68 ஆட்டங்கள் ஆடியிருந்தது, டொப்சன் ஆடியது 34. மற்றப் பாதியை உட்கார்ந்து கழித்தார். கீழே ஓர் அணியில் இரவுக்கு இருபது நிமிடம் ஆடியிருக்க வேண்டிய 19 வயதுப் பையன். அவர் மீண்டு வந்தார், 2023-24-ல் 70 புள்ளிகள் எடுத்தார், 2025 ஜூனில் மொன்றியல் அணி எட்டு வருடங்களுக்கு 7 கோடியே 60 இலட்சம் டொலர் கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. அந்த 34 இரவுகளை மட்டும் எந்த ஒப்பந்தமும் திருப்பித் தராது.

என் எண்ணம் இதுதான். 18-ல் சந்தேகம் இருந்தால் நிற்கட்டும். பியட்ராஞ்சலோ இரண்டு முறை திரும்பிப் போய் அணித் தலைவராக வந்தார். 2019-ல் செயின்ட் லூயிஸ் முதன்முதலாகக் கோப்பை வென்ற ஏழாவது ஆட்டத்தின் வெற்றி கோல் அவருடையது. 19-ல் தான் விதி பையனுக்கு எதிராகத் திரும்புகிறது.

இப்போது வழிகள் கொஞ்சம் திறக்கின்றன. கனடிய ஜூனியரில் ஆடியவர்களை அமெரிக்கக் கல்லூரி ஹொக்கி முன்பு சேர்த்துக்கொள்ளாது. 2024 நவம்பரில் அந்தத் தடையை நீக்கினார்கள், 2025 ஓகஸ்ட் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. கொலம்பஸ் 2025-ல் 14-வதாக எடுத்த தடுப்பாட்டக்காரர் ஜாக்சன் ஸ்மித் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இளைஞர்களோடு ஆடலாம், வாரத்துக்கு இரண்டு ஆட்டம், மிச்ச நாட்களில் உடலைத் தேற்றலாம். நல்ல வழி. ஆனால் தேசிய லீக்கோடு ஒப்பந்தம் போட்டவனுக்கு அது இல்லை. 2025 ஜூலையில் லீக்கும் வீரர் சங்கமும் ஒப்புக்கொண்ட புதிய உடன்பாட்டில், ஓர் அணி 19 வயதுக்காரர் ஒருவரை மட்டும் அமெரிக்க ஹொக்கி லீக்குக்கு அனுப்ப இடம்தரும் ஏற்பாடு பேசப்பட்டிருக்கிறது. அந்த உடன்பாடு தொடங்குவது 2026 செப்டெம்பரில். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வருடம் பிந்திவிட்டது.

அவனுடைய தாய் ஒரு தாளில் மூன்று கேள்விகள் எழுதிக்கொடுத்து, முகவரைக் கேட்கச் சொல்லியிருக்கிறார். மகன் எந்த ஜோடியில் ஆடுவான்? துணையாள் யார்? அவன் யாருடைய வீட்டில் தங்குவான்? கடைசிக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். 2014-ல் முதலாவதாகத் தெரிவாகி நேரே ஃபுளோரிடாவுக்குப் போன ஆரன் எக்பிளாட், அந்த முதல் வருடம் வில்லி மிச்செல் என்ற மூத்த தடுப்பாட்டக்காரரின் வீட்டில் தங்கினார். 81 ஆட்டங்கள் ஆடி, கால்டர் விருது வாங்கினார்.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் அணி முகாம் முடியும்வரை பதில் சொல்லாது. அவன் அடுத்த வாரம் புறப்படுகிறான். முகாமைத் தாண்டி வைத்துக்கொண்டால், பத்தாவது ஆட்டம் ஒக்டோபர் கடைசியில் வரும்.