நடுவில் ஒரே ஒரு ஸ்டேஷன்

தாம்பரத்தில் பொழுது விடிவது சூரியனால் அல்ல, தென்மாவட்ட ரயில்களால். பாண்டியன், பொதிகை, நெல்லை என்று எக்ஸ்பிரஸ்கள் வரவர, இருட்டு விலகுமுன்பே பிளாட்பாரம் நிறைந்துவிடுகிறது. ஊர் அரிசி மூட்டை, சாக்கில் கட்டிய தேங்காய், முறுக்கு டின், தூக்கக் கலக்கத்தில் அழும் குழந்தை... எழும்பூர் வரை டிக்கெட் எடுத்தவர்களில்கூட பாதிப் பேர் இங்கேயே இறங்கிவிடுகிறார்கள். "ஏல, இவரு கேக்குற ஆட்டோ காசுக்கு ஊருக்கே திரும்பிப் போயிரலாம் போலிருக்கே" என்று மகனிடம் முணுமுணுக்கும் அம்மாவின் நெல்லைத் தமிழும், மதுரைத் தமிழும், நாகர்கோவில் தமிழும் டீக்கடை வாசலில் ஒன்றாகக் கலக்கும் நேரம் அது.

இங்கிருந்து மின்சார ரயிலில் ஏறினால் நடுவில் சானடோரியம் என்ற ஒரே ஒரு ஸ்டேஷன். பத்து நிமிடத்துக்குள் குரோம்பேட்டை வந்துவிடும். எக்ஸ்பிரஸ்கள் இங்கே நிற்பதில்லை. அதனால் அதிகாலைக் குரோம்பேட்டைக்கு அவசரமில்லை. வாசல் தெளிக்கும் சத்தம், பால் பாக்கெட், நடைப்பயிற்சிப் பெரியவர்கள், குமரன்குன்றத்துப் படிகளில் மெல்ல ஏறும் பக்தர்கள். தாம்பரம் வந்து இறங்குகிறவர்களின் ஊர் என்றால், குரோம்பேட்டை வந்து தங்கிவிட்டவர்களின் ஊர்.

ஊர்ப் பெயரே ஒரு தொழிற்சாலை கொடுத்தது. 1912-ல் சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர். இன்று தோல் வாசனையும் இல்லை, அந்தச் சங்கொலியும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தன் வீட்டை விற்ற பணத்தைக் கொண்டு சி. ராஜம் 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி. இங்கேதான் இருக்கிறது. அப்துல் கலாம் படித்த கல்லூரி என்று சொல்லும்போது குரோம்பேட்டைக்காரர் குரலில் கொஞ்சம் மிடுக்கு ஏறும். தாம்பரத்துக்காரர் சும்மா இருப்பாரா? 1937-ல் நகரத்திலிருந்து இங்கே குடிபெயர்ந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரியை, 365 ஏக்கர் காட்டை, அதில் மேயும் புள்ளிமான்களை எடுத்து வைப்பார். மான் விஷயத்தில் தாம்பரத்துக்கே வெற்றி.

கடைவீதிக்கு வந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் மாலை ஆறு மணிக்கு நடக்க முடியாது, நகர்த்தப்படத்தான் முடியும். காய்கறி, பூ, பிளாஸ்டிக் குடம், செல்போன் கவர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். வாங்குகிறவர் ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டே பேரம் பேசுவார், அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே! குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையிலோ பல மாடி ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும். குடும்பமாக வந்து, நாலு மாடி ஏறி, அரை நாள் புடவை பார்த்து, ஐஸ்கிரீமோடு வெளியே வருவார்கள். தி.நகர் போகாமலே தீபாவளி முடிந்துவிடுகிறது. ஆனால் எதிர்ப்பக்கம் போக அந்த அகலச் சாலையைத் தாண்டுவதற்குள் வயதானவர்களுக்கு உயிர் போய் வந்துவிடும். இதில் மட்டும் இரண்டு ஊருக்கும் பேதமில்லை.

பண்டிகைக்கு முந்தைய இரவுகளில் தாம்பரத்தைப் பார்த்திருக்க வேண்டும். தென்மாவட்ட பஸ்களுக்காகப் பையும் பிள்ளையுமாக விடிய விடியக் கூட்டம். 2023 டிசம்பர் 30-ல் வண்டலூருக்கு அப்பால் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு அந்தப் பயணம் அங்கிருந்தே தொடங்குகிறது. நெரிசல் குறைந்ததில் குடியிருப்பவர்களுக்கு நிம்மதிதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குச் சுண்டலும் வாட்டர் பாட்டிலும் விற்றுப் பிழைத்தவருக்கு? கூட்டம் இடம் மாறியபோது அவரும் கூடையோடு இடம் மாற வேண்டியிருக்கிறது. வழிப்போக்கர்களை நம்பிய ஊருக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

குரோம்பேட்டைக்கு வேறு மனத்தாங்கல். பல்லாவரம் நகராட்சியில் இருந்த ஊர், 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. வரி ரசீதில் பக்கத்து ஊரின் பெயர்! "எங்க வீடு தாம்பரத்துல இல்லீங்க, குரோம்பேட்டைல" என்று திருத்துபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

காலை எட்டரைக்கு இந்தப் பெருமையெல்லாம் செல்லாது. தாம்பரத்தில் புறப்படும் வண்டியில் தாம்பரத்துக்காரர்கள் ஜன்னலோரமாக உட்கார்ந்து பேப்பர் பிரித்துவிடுகிறார்கள். குரோம்பேட்டை வரும்போது மூன்று பேர் சீட்டில் மூன்று பேர் இருப்பார்கள். டிபன் பையை மார்போடு அணைத்தபடி ஏறும் பெண்மணி, "கொஞ்சம் நகருங்கம்மா" என்கிறார். பேப்பர் மடிகிறது. நாலாவது ஆளுக்கு அரை ஜாண் இடம் கிடைத்துவிடுகிறது.