இடையில் நான்கு மணி நேரம்

மார்டள்ளிக்குப் போகிற வழியில் மைசூரைச் சுற்றிப் பார்ப்பதா, வேண்டாமா?

சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் காவிரி எக்ஸ்பிரஸ் மைசூர் வந்து சேரும்போது பொழுது விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருக்கும். நிலையத்து வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர்களுக்கு வெளியூர்க்காரர் என்றால் இரண்டே திசைகள். ஒன்று அரண்மனை, இன்னொன்று சாமுண்டி மலை. பெட்டியும் பையுமாக இறங்குகிற எல்லோரும் ஊர் பார்க்க வந்தவர்கள் என்பது அவர்கள் கணக்கு. பெரும்பாலும் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் இறங்குகிறவர்களில் சிலருக்கு மைசூர் போய்ச் சேரும் ஊர் அல்ல. வண்டி மாறும் ஊர். அவர்களில் ஒரு பகுதியினர் கொள்ளேகால் பேருந்து பிடித்து, ஹனூர் தாண்டி, மாதேஸ்வரன் மலைக் காடுகளை ஒட்டியிருக்கும் மார்டள்ளிக்குப் போகிறவர்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், மாதா கோயில் திருவிழா, துக்க வீடு என்று காரணங்கள் இருக்கும். கையில் மூன்று நான்கு மணி நேரமும் இருக்கும். வாழ்நாளெல்லாம் கேள்விப்பட்ட அரண்மனை இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் நிற்கிறது. போவதா, வேண்டாமா?

பதில் மைசூரில் இல்லை. அடுத்த முனையில், அதாவது மார்டள்ளியில் இருக்கிறது.

கர்நாடகத்துக்குள் இருந்தாலும் மார்டள்ளியில் காதில் விழுவது தமிழ்தான். ஊரில் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் அதிகம். இந்தப் பகுதியைத் தன்னுள் வைத்திருந்த கொள்ளேகால் தாலுகா, 1956 நவம்பர் 1 வரை சென்னை மாகாணத்தின் கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. மொழிவாரி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது மைசூர் ராஜ்யத்துக்குப் போயிற்று. கலெக்டரைப் பார்க்கக் கோவைக்குப் போன குடும்பங்கள் அதன்பின் மைசூருக்குப் போயின. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானதும் அந்தத் திசையும் மாறிற்று. ஊர் நகரவே இல்லை, தலைநகரங்கள்தான் நகர்ந்தன. மாவட்டம் பிரிந்த பிறகும் இந்த வட்டாரத்துக் கத்தோலிக்கர்களுக்கு ஆயர் இல்லம் மைசூர்தான். பெரிய ஆஸ்பத்திரி என்றாலும் மைசூர்தான்.

2018 டிசம்பர் 14 அன்று மார்டள்ளிக்கு அருகிலுள்ள சுள்வாடி கிச்சுகுத்தி மாரம்மன் கோயிலில் விஷம் கலந்த பிரசாதத்தைச் சாப்பிட்டு 17 பேர் இறந்தார்கள். அன்று கிராமத்து வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் முதலில் காமகெரேவுக்கும் கொள்ளேகாலுக்கும், அங்கிருந்து மைசூருக்கும் பறந்தன. அந்தப் பாதையின் நீளம் என்ன என்பதை நாடு முழுவதும் அன்றுதான் தெரிந்துகொண்டது. இந்த ஊர்க்காரர்களில் பலருக்கு மைசூர் என்றால் வார்டு, மருந்துச் சீட்டு, பேருந்து நிலையத்து பெஞ்சு. அரண்மனையின் மதில் சுவரை பஸ் ஜன்னல் வழியாக எத்தனையோ தடவை பார்த்தும் உள்ளே காலெடுத்து வைக்காதவர் இந்தப் பக்கத்து ஊர்களில் இருந்தால் அதில் வியப்பில்லை. தாஜ்மகாலைப் பார்க்காத ஆக்ராக்காரர்கள் இல்லையா?

விருந்தாளியின் கணக்கு வேறு. மைசூரிலிருந்து கொள்ளேகால் சுமார் 60 கிலோமீட்டர். மாதேஸ்வரன் மலை சுமார் 140. மார்டள்ளிக்குப் போகிறவர் எப்படிக் கணக்குப் போட்டாலும், நேர் பேருந்து வாய்க்காமல் கொள்ளேகாலிலோ ஹனூரிலோ மாற வேண்டியிருந்தால் அரைப் பகல் போய்விடும். கொள்ளேகால் வரைக்கும் வண்டிக்குப் பஞ்சமில்லை. அதற்கப்பால்தான் பேருந்துகளின் இடைவெளி நீள்கிறது. இருட்டிய பிறகு இன்னும் நீள்கிறது. ஆகவே மைசூரில் செலவழிக்கும் ஒரு மணி நேரம் கடைசியில் ஒரு மணி நேரமாக நிற்காது. அங்கே ஒரு பேருந்தைத் தவறவிட்டால் இங்கே இரண்டு மணி நேரம் புளியமரத்தடியில் நிற்க வேண்டும்.

விமானப் பயணிகளுக்காக இந்தக் கணக்கை வேறு சிலர் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம், விமானம் மாறக் காத்திருப்பவர்களுக்கு இலவசமாகவே ஊரைச் சுற்றிக் காட்டுகிறது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இடைநேரம் ஐந்தரை மணிக்குக் குறையக் கூடாது. சுற்றுலாவோ இரண்டரை மணி நேரம்தான். துருக்கி விமான நிறுவனம் இஸ்தான்புல்லைக் காட்ட ஆறு மணி நேரமாவது கேட்கிறது. ஊர் சுற்றிக் காட்டுவதையே தொழிலாகச் செய்கிறவர்கள், பேருந்தும் வழிகாட்டியும் தங்கள் கையிலேயே இருந்தும், மொத்த நேரத்தில் பாதிக்கும் குறைவைத்தான் பார்ப்பதற்கு ஒதுக்குகிறார்கள். மிச்சமெல்லாம் போக, வர, வரிசையில் நிற்க. ரயிலிலிருந்து இறங்கி, முகம் கழுவி, பெட்டியைப் பூட்டி க்ளோக் ரூமில் போட்டு, டீ குடித்து, ஆட்டோவுக்குப் பேரம் பேசுகிற சாதாரணப் பயணி பாதி என்றுகூட வைத்துக்கொள்ள முடியாது. நான்கு மணி நேரம் என்பது அவர் கையில் ஒன்றரை மணி நேரம்தான்.

அந்த ஒன்றரை மணிக்குள் அரண்மனை அடங்குமா? முதல் தடை கதவே. அரண்மனை திறப்பது காலை பத்து மணிக்கு. ஏழு மணிக்கு வந்தவர் பதினொன்றுக்குப் பேருந்து பிடிக்க வேண்டுமென்றால், மூன்று மணி நேரம் வாசலில் காத்திருந்து, செருப்பை விட்டுவிட்டு, கூட்டத்தோடு நகர்ந்து, கல்யாண மண்டபத்தின் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்க்கிற அந்த நிமிஷத்தில் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதைவிடப் பார்க்காமல் இருப்பது மேல்.

சென்னையிலிருந்து வருகிறவருக்கு இதில் ஓர் ஆறுதலும் உண்டு. 1897இல் பழைய மர அரண்மனை தீயில் அழிந்த பிறகு, 1912இல் முடிந்த இந்தப் புது அரண்மனைக்கு வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின். சென்னையில் எழும்பூர் ரயில் நிலையமும், அருங்காட்சியக வளாகத்தில் செக்கச்செவேலென்று நிற்கும் விக்டோரியா நினைவு மண்டபமும் அவர் கைவண்ணம்தான். குவிமாடம், வளைவு, கொஞ்சம் முகலாயம், கொஞ்சம் ராஜஸ்தானம், கொஞ்சம் லண்டன் என்ற அந்தக் கலவையின் ருசி எழும்பூரில் ரயில் ஏறியவருக்கு ஏற்கெனவே பழக்கமானது. மைசூரில் மகாராஜாவின் பணம் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவே.

சாமுண்டி மலை இன்னும் கடினம். சாலை வழி 13 கிலோமீட்டர் போலாகிறது. படியேறினால் ஏறத்தாழ ஆயிரம் படி. பாதி வழியில் 17ஆம் நூற்றாண்டு நந்தி அழகாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் தரிசன வரிசையின் நீளத்தை எந்த ஆட்டோக்காரரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கிருஷ்ணராஜ சாகரமும் பிருந்தாவனமும் பேச்சுக்கே இடமில்லை. அது மாலையில், விளக்குப் போட்ட நீரூற்றுக்காகப் போகிற இடம். மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. குழந்தைகளைக் கூட்டி வந்தவர்கள் இதை வாசலில் தெரிந்துகொள்வது கொடுமை. ரயில் நிலையத்தை ஒட்டினாற்போல் 1979இல் அமைத்த ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய எஞ்சின்களும் மகாராணியின் சலூன் பெட்டியும் உண்டு. இடைநேரப் பயணிக்கென்றே வைத்ததுபோல் இருந்தாலும், விடியலில் இறங்குபவருக்கு அதுவும் திறந்திருக்காது.

திறந்திருப்பது தேவராஜ மார்க்கெட். சின்ன மணிக்கூண்டுக்கு எதிரே, அரண்மனைக்கு நடக்கும் தூரத்தில், காலையிலேயே சுறுசுறுப்பாகிவிடும் இடம். மைசூர் மல்லிகையை முழம் போட்டு அளக்கிறார்கள். குங்குமம் வண்ண வண்ணக் கூம்புகளாக நிற்கிறது. கட்டுக் கட்டாக மைசூர் வெற்றிலை, சமயத்தில் நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம். கட்டணம் கிடையாது, செருப்பைக் கழற்ற வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் பாதியில் திரும்பிவிடலாம். இடைநேரத்தில் பார்க்கும் இடத்துக்கு இந்தக் கடைசிக் குணம்தான் முக்கியம். இன்னொரு காரணமும் இருக்கிறது. அரண்மனை நாளைக்கும் இருக்கும். மார்க்கெட்டைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை. 2012இல் பக்கத்திலிருந்த லான்ஸ்டவுன் கட்டிடத்தின் ஒரு பகுதி இடிந்து உயிர்கள் போயின. 2016 ஆகஸ்டில் மார்க்கெட்டின் ஒரு பகுதியே சரிந்தது. இடித்துக் கட்டுவதா, பழையதைச் செப்பனிடுவதா என்ற சண்டை வருஷக்கணக்காக நீண்டது. கல்யாண வீட்டுக்குப் போகிறவருக்கு அங்கே வாங்கும் பூவும் வெற்றிலையும் கையோடு கொண்டுபோகும் சீராகவும் ஆகிவிடும். சுற்றிப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, காரியமும் ஆயிற்று.

அங்கிருந்து புறநகர்ப் பேருந்து நிலையம் பக்கம்தான். பத்து மணிக்கு அரண்மனைக் கதவு திறக்கும்போது மார்டள்ளிப் பயணி கொள்ளேகால் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதே புத்திசாலித்தனம். இழப்பு என்று நினைக்க வேண்டியதில்லை. பேருந்து டி.நரசிபுரத்தில் கபினி ஆற்றைக் கடக்கிறது. பாலத்துக்குச் சற்றுத் தள்ளி கபினி காவிரியோடு கலக்கிறது. மேட்டூருக்கு வரும் தண்ணீரைக் குறித்து ஆயுள் முழுக்கப் பத்திரிகையில் படித்த ஒருவர், அந்தத் தண்ணீரை அதன் நடுவழியில் பார்க்கிற இடம் இது. சொந்த வண்டியோ வாடகைக் காரோ இருந்தால் நிலைமை மாறும். 1258இல் பிரதிஷ்டை செய்த சோமநாதபுரம் ஹொய்சளர் கோயிலுக்குக் கொஞ்சம் வழி விலகிப் போனால் போதும். 2023இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. கொள்ளேகாலுக்கு இந்தப் பக்கம் சிவனசமுத்திரம் அருவிகள். 1902இல் அங்கே எடுத்த மின்சாரம் முதலில் போனது கோலார் தங்க வயலுக்கு. அந்தச் சுரங்கங்களுக்குள் இறங்கியவர்களில் பெரும் பகுதி தமிழ்த் தொழிலாளர்கள். அரண்மனையில் செலவிடும் நேரத்தைச் சோமநாதபுரத்தில் செலவிட்டால் நிதானமாகப் பார்க்க முடியும், கூட்டமும் குறைவு.

எப்படிப் போனாலும் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும் என்பது இந்தப் பாதையின் பழைய சட்டம். வீரப்பன் காலத்தில் அது உயிர்ச் சட்டமாகவே இருந்தது. அவன் பிறந்த கோபிநத்தம் இதே காட்டுத் தொடரில்தான் இருக்கிறது. 1991இல் வன அதிகாரி சீனிவாஸ் கொல்லப்பட்டது, 1992இல் ராமாபுரம் காவல் நிலையம் தாக்கப்பட்டது, 1993இல் பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் மடிந்தது எல்லாம் இந்த வட்டாரத்தில் நடந்தவை. காவல்துறை, கடத்தல்காரன் என்று இரண்டு பக்கத்துக்கும் பயந்து வாழ்ந்த ஊர்கள் இவை. 2004 அக்டோபரில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அந்தப் பயம் போயிற்று. இப்போது மீந்திருப்பது யானைப் பயம். 2013இல் மலை மாதேஸ்வரா வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அந்தி சாயும் நேரத்தில் சாலையைக் கடக்கும் யானைக்குக் கடைசிப் பேருந்தின் அவசரம் தெரியாது.

நாள் பார்த்துக் கிளம்புவதும் நல்லது. அமாவாசை, சிவராத்திரி, யுகாதி, தீபாவளி என்றால் மாதேஸ்வரன் மலைக்குக் கூட்டம் நெரியும். அன்றைக்கு மைசூரில் சுற்றிவிட்டு நிதானமாக வந்தால் கொள்ளேகாலில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. 2023 ஜூனில் கர்நாடகம் தன் மாநிலப் பெண்களுக்கு அரசின் சாதாரணப் பேருந்துகளில் இலவசப் பயணம் கொடுத்ததிலிருந்து சாதாரண நாளிலும் கூட்டம் கூடியிருக்கிறது. மார்டள்ளி அத்தைக்குச் சீட்டு இலவசம், அவரைப் பார்க்க வரும் சேலத்து மருமகளுக்குக் கட்டணம் உண்டு! தசரா நாட்களில் மைசூரில் வண்டி மாறுவதையே தவிர்ப்பது உத்தமம். காவிரிப் பிரச்சினை சூடாக இருக்கும் வாரங்களில் செய்தியைக் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும். 2016 செப்டம்பரில் இரு மாநிலங்களுக்கும் இடையே பேருந்துகள் நின்றுபோனபோது, சில மணி நேர இடைவெளி பலருக்கு நாள்கணக்கில் நீண்டது.

மைசூரைப் பார்க்காமலே விட்டுவிடுவதா என்றால், திரும்பும் பயணம் இருக்கிறது. அப்போது கணக்கு தலைகீழ். காட்டுப் பேருந்து முடிந்துவிட்டது, மிஞ்சியிருப்பது இருக்கை பதிவு செய்த இரவு ரயில் ஒன்றுதான். அதுவும் குறித்த நேரத்தில், இரண்டு கிலோமீட்டரில். ஊரிலிருந்து காலையிலேயே கிளம்பினால் பிற்பகலுக்குள் மைசூர் வந்து, பெட்டியைப் போட்டுவிட்டு, ஐந்தரை மணிக்குக் கதவு சாத்துவதற்குள் அரண்மனையின் உள்ளே சாவகாசமாக நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமையாக அமைத்துக்கொண்டால் இன்னும் விசேஷம். ஞாயிறும் அரசு விடுமுறை நாளும் மாலை ஏழு மணிக்கு அரண்மனை முழுவதும் ஏறத்தாழ ஒரு லட்சம் பல்புகள் ஒரே நொடியில் எரிகின்றன. மதிலுக்கு வெளியே நின்றாலே தெரியும். அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்தால் ரயிலுக்கு நேரம் சரியாக இருக்கும்.