ஒரு விரலுக்கு 14 சதவீதம்

1994. ஓசூரில் பெங்களூர் ரோட்டோரம் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இருட்டுவதற்குள் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று டிரைவர்கள் எல்லாருக்கும் அவசரம்.

சூளகிரிப் பக்கத்துப் பையன் ஒருவன் ஃபேன் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் கை உள்ளே இருப்பது தெரியாமல் டிரைவர் ஏறி செல்ஃப் அடித்துவிட்டார். வலது ஆள்காட்டி விரல் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே போய்விட்டது. முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு ஸ்பானர், அரை நிமிட வேலை. நேரமாகிறது என்று திட்டு விழும் என்பதால் யாரும் செய்வதில்லை.

நாங்கள் மொத்தம் 7 பேர். 10 பேராவது இருந்தால்தான் இ.எஸ்.ஐ. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவோடு 2,000 ரூபாய் கொடுத்தார். வவுச்சர் எழுதியவன் நான்.

"வேற ஏதாச்சும் கெடைக்குமா சார்?" என்று அவன் அம்மா கேட்டார்.

"அவ்வளவுதாம்மா" என்றேன்.

கிடைத்திருக்கும். அப்போதிருந்த 1923ஆம் வருடத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்துக்கு அந்த 10 பேர் கணக்கெல்லாம் இருக்கவில்லை. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு, கட்டைவிரல் என்றால் 30 என்று அதில் அட்டவணையே இருந்தது. (ஸ்பானர் பிடிக்கிறவனுக்கு 14 எந்த மூலைக்கு?) கேட்பதற்கு அப்போது கெடு 2 வருடம். வேறு கம்பெனிக்குப் போய் இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டபோது 6 வருடம் ஓடியிருந்தது.

கையெழுத்துப் போடத் தெரிந்த பையன்தான். வலது கையில் கட்டு இருந்ததால் அந்த வவுச்சரில் இடது பெருவிரல் ரேகை வைத்தான். மைப்பெட்டியை நீட்டியதும் நான்தான்.