முள் நிற்கிற இடம்

விருதுநகரில் பிறந்தவனுக்கு எடை பார்ப்பது சின்ன வயசிலேயே பழகிப்போன காட்சி. அப்பா பருப்பு மண்டியில் கணக்கு எழுதினார். மூட்டையைத் தராசில் ஏற்றியதும் குண்டை மெல்ல நகர்த்தி, தண்டு மட்டத்துக்கு வரும் வரை எல்லாரும் பொறுத்திருப்பார்கள். ஆட்டம் நின்ற பிறகுதான் அப்பா சீட்டில் பேனாவை வைப்பார். உளுந்து, துவரை, வத்தல், மல்லி, 15 கிலோ டின்னில் கடலை எண்ணெய் என்று இந்த ஊர் சொல்லும் விலை இன்றைக்கும் பத்திரிகைகளில் சந்தை நிலவரமாக வருகிறது.

இப்போது என் வீட்டு மெஷினிலும் எண் நின்றுவிட்டது. 96 கிலோவிலிருந்து 86 வரை சரசரவென்று இறங்கிய எடை, பிறகு வாரக்கணக்காக அசையவில்லை. இறக்கியது சர்க்கரைக்காகப் போட ஆரம்பித்த டிர்செபடைட் ஊசி. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தபோது, ஆரம்ப அளவான 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய். வாரம் ஒரு குப்பி. பட்டாசு வேலைக்குப் போகிற வீடுகள் நினைத்துப் பார்க்க முடியாத காசு. அவ்வளவு கொடுத்தும் எண் அசையாவிட்டால் மனசு அரிக்கத்தான் செய்யும்.

சிவகாசியில் இருக்கும் அக்காவிடம் போனில் சொன்னேன். "நீ சாப்பிடுறதே கோழி கொத்துற மாதிரி இருக்கு. இதுக்கு மேல எங்கிட்டுடா குறைய?" என்றாள்.

அக்கா கல்யாணத்துக்கு முன்னால் பட்டாசு ஆபீசுக்குப் போனவள். விடியற்காலையில் வேன் வரும். தூக்குவாளியில் பழைய சோறு, ஓரத்தில் ஒரு துண்டு நார்த்தங்காய். மத்தியானம் கைகழுவினாலும் நகக்கண்ணில் அலுமினியத்தூள் வெள்ளியாக மினுங்கும். அதனால் கரண்டியால் சாப்பிடுவாள். சாயங்காலம் வந்ததும் முதல் பேச்சு, "பசி கண்ணைக் கட்டுதும்மா." மழை பொய்க்கிற பூமி இது. காடு கை விட்ட பிறகுதான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேர்பிடித்தன. பட்டாசு காய்வதற்கு வாகான அதே வெயில்தான் கம்பையும் காயவைத்தது.

பசியை இந்த ஊர் பல விதமாக அறியும். 1956இல் காமராசர் பள்ளிக்கூடங்களில் மதிய உணவைக் கொண்டுவந்தார். அவர் பிறந்தது இங்கேதான். அதே 1956 ஜூலை 27 அன்று, மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி சங்கரலிங்கனார் இங்கேயே உண்ணாவிரதம் தொடங்கினார். அக்டோபர் 13 அன்று உயிர் பிரிந்தது. அறுபதைத் தாண்டிய உடம்பு அத்தனை நாள் எப்படித் தாங்கியது என்று சின்ன வயசில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "வைராக்கியம்" என்றார். வைராக்கியம்தான். அதோடு உடம்பும் தன் பங்குக்குச் செலவைச் சுருக்கிக்கொள்கிறது.

அதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. போரில் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படிச் சோறு கொடுத்துத் தேற்றுவது என்று அறிய, அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 1945இல் 36 இளைஞர்களை 24 வாரம் அரைவயிற்றில் வைத்தார். எடையில் கால் பங்கு போனது. நாடித்துடிப்பு தணிந்தது, உடம்பு சில்லிட்டது. கோடையிலும் குளிர்கிறது என்றார்கள். பின்னாளில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு இன்னொன்றைக் கணக்கிட்டது: ஒரு கிலோ குறைந்தால் பசி நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி கூடுகிறது, ஏறக்குறைய இரண்டு சின்ன இட்லி. உடம்பின் கலோரிச் செலவு சுருங்குவது இதைவிட மிகக் குறைவு. அப்படியானால் பத்துக் கிலோ இறங்கியவன் வயிற்றுக்குள் எவ்வளவு பெரிய பசி கத்திக்கொண்டிருக்க வேண்டும்! ஊசி அதை அமுக்கி வைத்திருக்கிறது. இறங்குவது நின்றதால் மருந்து நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. உடம்பு மேலே இழுக்கிறது, மருந்து கீழே பிடிக்கிறது, இரண்டும் சமமான இடத்தில் எண் நிற்கிறது. இதை யாராவது முதல் மாதமே சொல்லியிருந்தால் எத்தனை பேருக்கு மனசு நொந்திருக்காது!

டாக்டரம்மா மெஷினைப் பார்ப்பதற்கு முன் இஞ்ச் டேப்பை எடுத்தார். எடை நின்ற வாரங்களில் இடுப்பு இறங்கியிருந்தது. சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் வந்திருந்தன. பிறகு என்ன சாப்பிடுகிறேன் என்று விசாரித்தார். பசி இல்லாத வயிறு இரண்டு கரண்டி தயிர் சாதத்தோடு திருப்தியாகிவிடும். பருப்பு, முட்டை, மீன் எல்லாம் தட்டிலிருந்து தாமாக விலகிவிடும். கொழுப்போடு சதையும் கரைவது அப்படித்தான். சதை கரைந்தால் செலவு இன்னும் சுருங்கும். "முதல்ல முட்டையைச் சாப்பிடுங்க, அப்புறம் சோத்தைப் பாருங்க. தினமும் கொஞ்சம் கனம் தூக்குங்க" என்றார். இப்போது அக்கா வீட்டுக்குப் போனால் தண்ணீர்க் குடத்தை மாடிக்கு நான்தான் ஏற்றுகிறேன். இடையிடையே வாயில் போடும் சாத்தூர் சேவும், ஒவ்வொரு டீயிலும் இறங்கும் சீனியும் தனியாகப் பேசப்பட்டன. மருந்தின் அளவைக் கூட்டுவது அதற்கடுத்த கேள்வி. நாலு வாரத்துக்குக் குறையாத இடைவெளியில், படிப்படியாக 15 மில்லிகிராம் வரை போகலாம். எதுவரை என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ராத்திரி புரோட்டாக் கடை வழியாக வருகிறேன். எண்ணெயில் பொரிந்த புரோட்டா வாசம் இந்த ஊரின் அடையாளம். இப்போதும் சாப்பிடுகிறேன், ஒன்றுதான், கூட ஒரு ஆம்லெட். அங்கேதான் பக்கத்துக் கடை அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். அவர் போடுவது செமாக்ளூடைட், இதே மாதிரி இன்னொரு ஊசி. "மூணு மாசமா நிக்குது தம்பி. நிறுத்திரலாம்னு இருக்கேன்."

எனக்குப் பதறிவிட்டது. 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வில் அந்த மருந்தை 68 வாரம் போட்டவர்களுக்குச் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது. அவர்களுக்கும் கடைசி வாரங்களில் கோடு படுத்துத்தான் இருந்தது. நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பிவிட்டது. இதை அப்படியே சொன்னேன். மண்டியிலேயே வளர்ந்த மனுஷர், கணக்கு உடனே பிடிபட்டது.

"அப்ப நிக்கிறதே மருந்து பிடிச்சு வச்சிருக்கிறதுதானா?"

ஆமாம் அண்ணாச்சி என்றேன். வியாழக்கிழமை டாக்டரம்மாவைப் பார்க்க அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.